ஐந்து டாலரும் சோம்புத் தட்டும்

ஹூஸ்டனில் இறங்கிய மூன்றாம் நாள் இரவு, மகளையும் மருமகனையும் வெளியே அழைத்துச் சென்று எங்கள் செலவில் சாப்பாடு வாங்கித் தருவது என்று நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையிலேயே முடிவு செய்திருந்தோம். அதற்கென்று பயண அட்டையில் தனியாகப் பணமும் ஏற்றி வைத்திருந்தேன். நால்வர் சாப்பிட்டதற்கு 86 டாலர், அதன்மேல் விற்பனை வரி 8.25 விழுக்காடு, ஆக 93 டாலர் 10 சென்ட் என்று பில் வந்தது. பரிமாறிய பெண் என் அட்டையை உள்ளே கொண்டுபோய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டுகளோடு திரும்பினார். கடைக்குரிய சீட்டில் தொகைக்குக் கீழே டிப்ஸ் எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கோடும், அதன் கீழே மொத்தத்துக்கு இன்னொரு கோடும், கடைசியில் கையெழுத்துக்கு இடமும் இருந்தன. நான் சற்றுப் பெருமிதத்தோடுதான் 5 என்று எழுதினேன். அன்றைய கணக்கில் ஒரு டாலர் 84 ரூபாய். அந்தத் தொகையை நம் காசில் பெருக்கிப் பார்த்தால் என்ன எண் வருகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மருமகன்தான் காரில் ஏறிய பிறகு, "மாமா, சரியா நானூத்தி இருபது ரூபா கொடுத்திருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. நான் கையெழுத்திட்டு எழுந்தவுடன் அவள் பின்தங்கி, தன் பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்ததை நான் பார்த்திருந்தேன். அந்த ஊர் வழக்கப்படி, வரி சேர்க்காத தொகையில் நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து இருபது வரை கொடுக்க வேண்டுமாம். அதாவது, நான் எழுதியிருக்க வேண்டியது 17 டாலர் 20 சென்ட். நான் எழுதியதோ நூற்றுக்கு ஆறுகூட இல்லை.

என்மேல் முழுப் பழியும் போட முடியாது. அமெரிக்காவுக்கு வரும் வழியில் லண்டனில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அங்கே உணவகத்தில் பில்லின் அடியில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று தானாகவே சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். அது கட்டாயமில்லை என்றும், வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்றும் உறவினர் சொன்னார். ஆனால் பரிமாறியவரை எதிரில் வைத்துக்கொண்டு அதை எடுக்கச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? நாங்கள் சென்றது 2024 அக்டோபரில். அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுவதும் தொழிலாளர்களுக்கே போய்ச் சேர வேண்டும், முதலாளி அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்திருந்தது. லண்டனில் பில்லுக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டதால், ஹூஸ்டனிலும் அப்படித்தான் இருக்கும், நான் கொடுப்பது அதற்கும் மேலே மனமுவந்து கொடுக்கும் காசு என்று எண்ணிக்கொண்டேன்.

அமெரிக்காவில் அது மனமுவந்து கொடுக்கும் காசு அல்ல என்பதை மகள் அன்றிரவு விளக்கினாள். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியை அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என்று வைத்திருக்கிறது. 1991க்குப் பிறகு அந்த எண் மாறவே இல்லை. மற்றத் தொழிலாளர்களுக்கு 2009 முதல் 7 டாலர் 25 சென்ட். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சாப்பிட வருகிறவர்கள் நிரப்ப வேண்டும்; அவர்கள் நிரப்பாத அளவுக்கு முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்பது விதி. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் இந்தக் குறைப்புக்கு இடமில்லை, முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். ஆனாலும் அங்கேயும் மக்கள் டிப்ஸ் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் 2 டாலர் 13 சென்ட் மாநிலம். எங்களுக்கு இரண்டு மணி நேரம் இன்முகத்தோடு பரிமாறிய அந்தப் பெண்ணுக்குக் கடை கொடுத்தது, பிடித்தம் போவதற்கு முன்பே, நாலேகால் டாலர்தான் இருக்கும்.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். பல கடைகளில் பரிமாறுகிறவர் தமக்கு வந்த டிப்ஸிலிருந்து மேசை துடைப்பவருக்கும், பானம் கலந்து கொடுப்பவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்கை வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடாமல் விற்ற தொகையை வைத்தே கணக்கிடும் கடைகள் உண்டு. ஒரு மேசையில் யாரும் ஒன்றும் வைக்காமல் போனால், அந்த மேசைக்குரிய பங்கை அவர் மற்ற மேசைகளின் காசிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். கடை மேலாளரும் முதலாளியும் டிப்ஸில் கை வைக்கக் கூடாது என்பதை 2018இல் திருத்திய சட்டம் தெளிவாக்கியிருக்கிறது.

பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்தது. அவர் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சைவ ஹோட்டலில் முப்பது வருடத்துக்கு மேல் சப்ளையராக இருந்தவர். அந்தக் காலத்தில் பில்லை ஒரு சிறிய எவர்சில்வர் தட்டில், கொஞ்சம் சோம்போடும் சர்க்கரையோடும் கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட்டவர் பணம் வைப்பார். கல்லாவிலிருந்து மீதிச் சில்லறை அதே தட்டில் திரும்பி வரும். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு நாணயத்தை விட்டுப் போவார். ஐம்பது பைசாவாக இருக்கும், ஒரு ரூபாயாக இருக்கும், கல்யாண முகூர்த்த நாளில் இரண்டு ரூபாயாகவும் இருக்கும். யாருடைய மேசையில் விழுந்தாலும் அது கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். சனிக்கிழமை இரவு கடை அடைத்த பிறகு டப்பாவைக் கவிழ்த்து, இலை எடுப்பவர், பாத்திரம் கழுவும் அக்காமார், மாவு ஆட்டுபவர் உட்பட எல்லோருக்கும் பிரிப்பார்கள். முதலாளிக்கு அதில் பேச்சே கிடையாது. பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் தம் பங்கை எண்ணிப் பெரியம்மாவிடம் கொடுப்பதை நான் சிறுவனாக இருந்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் ஹூஸ்டனில் 5 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த சில வாரங்களில் அந்த ஊர் வழக்கம் பழகிவிட்டது. ஆறு பேருக்கு மேல் சேர்ந்து போனால், பல கடைகளில் நூற்றுக்குப் பதினெட்டு என்று பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதைக் கவனிக்காமல் கீழேயுள்ள கோட்டிலும் எழுதினால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். சீட்டில் நாம் எழுதும் தொகை உடனே அட்டையில் ஏறுவதில்லை; முதலில் டிப்ஸ் சேராத தொகைக்குக் குறுஞ்செய்தி வருகிறது, கணக்கில் கழியும்போது டிப்ஸும் சேர்ந்திருக்கிறது. கூடுதலாக எடுத்துவிட்டார்களே என்று நான் ஒரு நாள் பதறியது இதனால்தான். கவுன்ட்டரில் நின்று ஒரு காபி வாங்கினாலும் ஒரு திரையைத் திருப்பிக் காட்டி 18, 20, 25 என்று கேட்கிறார்கள். அதற்கு ஒன்றும் கொடுக்காமல் வரலாம் என்பது மகளின் தீர்ப்பு. எனக்கும் அதில் உடன்பாடுதான், ஆனால் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பார்வை முதுகில் படுவதால் இரண்டு முறை கொடுத்துவிட்டேன்.

ஹில்கிராஃப்ட் தெருப் பக்கம் நம்மவர் கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே ஒரு தென்னிந்திய உணவகத்தில் தோசை கொண்டுவந்து வைத்தவரின் பேச்சு காதில் விழுந்ததும் என் மனைவி, "நீங்க எந்த ஊரு தம்பி?" என்று கேட்டுவிட்டாள். அம்பாசமுத்திரம் என்றார். அப்புறம் கல்லிடைக்குறிச்சி அப்பளம், தாமிரபரணித் தண்ணீர் என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. டிப்ஸைப் பற்றி நான் தயங்கிக் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: "நம்ம ஊர்க்காரவுக வந்தா மனசு நெறஞ்சு போவும் அண்ணாச்சி. பை நெறையாது." பஃபே என்றால் நாமே எடுத்துச் சாப்பிடுகிறோமே, அதற்கெதற்கு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்களாம், தட்டு எடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் வேலையில்லையா? அங்கே பத்து விழுக்காடாவது வைப்பதுதான் மரியாதை. அன்று நான் இருபது விழுக்காட்டுக்கும் கூடவே வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நானூற்று இருபதுக்குப் பரிகாரமாக.

இப்படிக் கொடுத்துப் பழகிய கையோடுதான் திரும்பும் வழியில் டோக்கியோவில் இறங்கினோம். அங்கே கொடுக்கவே கூடாது என்று மருமகன் எச்சரித்திருந்தார். உவேனோ பக்கம் ஒரு சந்தில், வயதான கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு சிறிய கடை. கைபேசியில் எழுத்தை மாற்றிக் காட்டிக் காட்டி, மீனும் மீன்சாறும் சேராமல் எங்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று அந்த அம்மாள் அடுப்படிக்கும் மேசைக்குமாக நான்கு முறை நடந்தார். பணம் வாங்குவதற்கு அங்கேயும் ஒரு சிறிய தட்டு வைத்திருக்கிறார்கள். சோம்பு இல்லாத குறைதான். நோட்டை அதில் வைத்தால் மீதி, ஒரு யென் நாணயம் வரைக்கும், எண்ணிக் கையில் தரப்படுகிறது. நான் முந்நூறு யென்னை மீண்டும் தட்டில் வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டை இரு கைகளாலும் என் பக்கம் நகர்த்திவிட்டார். மறுபடி வற்புறுத்தினால் அவரைத் தர்மசங்கடத்தில் நிறுத்துவதாகும் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதே புரிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்பதற்கு அங்கே காசு கிடையாது. புறப்படும்போது "கோச்சிசோசாமா தெஷ்தா" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னேன், என் நாக்கு வளைந்த அளவுக்கு. ஆனால் என் மனைவிக்கு மனம் ஆறவில்லை. மகளுக்காகக் கொண்டுபோன கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் ஒரு பாக்கெட் பையடியில் பிரிக்காமல் மிச்சமிருந்தது. அதை எடுத்து நீட்டினாள். காசை மறுத்த அதே அம்மாள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் குனிந்து வணங்கி, அடுப்படிக்குள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என் பள்ளித் தோழர் ஒருவர் அங்கே இருக்கிறார்; கடையநல்லூர்க்காரர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து சென்று தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களின் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். ஒன்று பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றொன்று ஒன்பது விழுக்காடு வரி. வரி அந்தச் சேவைக் கட்டணத்தின் மேலும் விழும் என்பதால் 60 வெள்ளிச் சாப்பாடு (அங்கே டாலரைத் தமிழில் வெள்ளி என்பார்கள்) 71 வெள்ளி 94 காசாகிறது. அதற்குமேல் யாரும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. அந்தப் பத்து விழுக்காடு சப்ளையர் கைக்குப் போகிறதா என்று வழக்கம்போல் கேட்டேன். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கு இல்லை என்றார் தோழர். தேக்கா சந்தையில் சாப்பிட்டால் டிப்ஸும் இல்லை, சேவைக் கட்டணமும் இல்லை. தட்டை மட்டும் நாமே எடுத்துப் போய் உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அதைச் செய்யாதவர்களுக்கு முதலில் எச்சரிக்கையும், பிறகு அபராதமும் உண்டு.

ஊருக்குத் திரும்பிய பின் ஒரு மாலை, ஜங்ஷனில் பெரியப்பா வேலை பார்த்த அதே ஹோட்டலுக்குப் போனோம். கை மாறி, பெயர் மாறி, தரையெல்லாம் பளிங்காகியிருக்கிறது. 185 ரூபாய்க்குப் பில் வந்தது, சோம்பும் சர்க்கரையும் இருந்தன, தட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் செய்யும் அட்டையும் இருந்தது. நான் பழக்க தோஷத்தில் கைபேசியை எடுத்து 185 ரூபாயை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான், தட்டில் சில்லறை திரும்பி வரப்போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. பரிமாறிய பையனிடம், இப்போதெல்லாம் டிப்ஸ் எப்படி என்று கேட்டேன். "எங்க சார், எல்லாரும் ஸ்கேன் பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிருதாவ. பத்துப் பேர்ல ஒருத்தர் கொடுத்தா பெருசு" என்றான். என் மனைவி கைப்பையைத் துழாவி இருபது ரூபாய் நோட்டு ஒன்றைத் தட்டில் வைத்தாள். அவன் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

டப்பா இருந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் அதே பலகை இருக்கிறது; அதன்மேல் பல்குத்தும் குச்சிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.