வாசலில் நிற்பது யார்?

கனடாவுக்கு வந்த மூன்றாம் நாள், விடியற்காலை ஐந்தரை மணி. டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில் மகன் வீட்டு வாசலில் குனிந்து நாலு புள்ளிதான் வைத்திருப்பேன். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான், கையில் செல்பேசியோடு.

"அம்மா, நீயா?"

பின்னே யார்? செல்பேசியைத் திருப்பிக் காட்டினான். வாசல் மணிக்குள் இருக்கும் கேமரா என்னைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: வாசலில் அறிமுகமற்ற நபர்.

அவன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று கோலம் கோணிக்கொண்டது. வேலூர் சைதாப்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். காட்பாடி பஸ்ஸில் ஏறினால், இடுப்பில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கூட "டீச்சர்" என்று பாதி எழுந்துவிடுவாள். பெற்ற பிள்ளை வீட்டு வாசலில் ஒரு அழைப்பு மணிக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. மகன் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. நெருப்பில்லாத அடுப்பு, சாவியில்லாத பூட்டு, சுவிட்சைத் தேட வேண்டிய விளக்கு. அங்கேயாவது ஜலகண்டேஸ்வரர் 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். இந்த அடுப்புக்கு நெருப்பு வரும் என்று தோன்றவில்லை. கேழ்வரகுக் களி கிண்டலாமென்று பெட்டியில் ஒரு அலுமினியக் குண்டான் கொண்டுவந்திருந்தேன். வைத்தால் கீச்கீச்சென்று கத்துகிறது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரமாக இருந்தால்தான் சுடுமாம். ஒன்றரைக் கிலோ குண்டான் இப்போது உருளைக்கிழங்கு போட்டு வைக்க உதவுகிறது. மிக்ஸியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது 230 வோல்ட் பிறவி, இங்கே வருவது 120.

துணி துவைப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். மகன் எடுத்திருக்கும் திட்டத்தில் வார நாட்களில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் கரண்ட் மலிவு. யாரும் வந்து ரீடிங் எடுப்பதில்லை. எந்த மணிக்கு எவ்வளவு செலவானது என்று மீட்டரே சொல்லி அனுப்பிவிடுகிறது. ஆகவே ராத்திரியில் துவைக்கிறோம். மொட்டை மாடியில் பத்து மணி வெயிலில் புடவையை உதறிப் போட்டால் பன்னிரண்டுக்கு அப்பளமாக எடுத்து வரலாமே, அந்த வாசனைக்கு இங்கே ஒரு திட்டமும் இல்லை.

பெருக்கும் இயந்திரத்தோடுதான் எனக்கு நேரடிச் சண்டை. பேத்தி அதற்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருக்கிறாள். சரியாக மாலை ஏழு மணிக்குக் கட்டிலடியிலிருந்து புறப்படும். விளக்கு வைத்த வீட்டில் பெருக்கலாமா? குறுக்கே காலை நீட்டினேன். முட்டிவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் போனது. மருமகள் பார்த்துவிட்டு, "மாற்றிவிடுகிறேன் அத்தை" என்று காலை பத்து மணிக்கு மாற்றினாள். நல்ல பெண். நான் கேட்காமல் செய்தாள் என்பதற்காகவே சொல்கிறேன்.

கேமரா விஷயம் மட்டும் அத்தனை எளிதில் முடியவில்லை. பேத்தி என் முகத்தை அதற்குச் சொல்லிக் கொடுத்து, 'ஆயா' என்று பெயரும் போட்டாள். மறுநாள் காலை மகன் செல்பேசியில் "ஆயா வாசலில்" என்று வந்தது. எனக்கு அன்று ஒரே பெருமை. இந்த ஊர் பழகிவிட்டது என்று தங்கைக்குப் போன் போட்டே சொன்னேன். டிசம்பரில் குளிர் ஏறியது. கம்பளிக் குல்லாய், கழுத்தோடு வாயையும் மூடும் துண்டு, மகனுடைய பழைய கோட்டு. வெளியே காலை வைத்தேன். மறுபடி அறிமுகமற்ற நபர்! கோலம் போட்டும் பயனில்லை, பனியின் மேல் மாவு தெரிவதே இல்லை.

சைதாப்பேட்டை வீட்டில் கதவைச் சாத்துவது மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும்தான். கீரைக்காரம்மா செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தத்திலேயே, சமையலறையிலிருந்தபடி "இன்றைக்கு முளைக்கீரை வேண்டாம்" என்று குரல் கொடுப்பேன். மார்கழியில் தலையோடு போர்த்திக்கொண்டு கோலம் போடும்போது, தெருமுனையில் வரும் பால்காரர் "என்ன டீச்சரம்மா, சளியா?" என்பார். குனிந்திருக்கும் முதுகைப் பார்த்துத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்காவோடு பேசினேன். வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடுகிறாராம். இலவம்பாடி முள்கத்திரிக்காய் நன்றாக வருகிறதாம், நினைத்துக்கொண்டாராம். பிறகு, "சொல்ல மறந்தேனே" என்று ஆரம்பித்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் ரீடிங் எடுக்க வருவாரே, அவர் நம் வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாராம்.

"யூனிட் ஏறவே இல்லையே, டீச்சரம்மா நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்று கேட்டாராம்.