பத்து விநாடி நீலத் திரை

எங்கள் அலுவலகத்தில் பழைய கணக்கு மென்பொருள் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. அதனால் இணையத் தொடர்பு கொடுக்காமல், டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் கணினி ஒன்றில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸுக்குள் அதைப் பூட்டி வைத்தேன். நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சுலபம்தான் என்னை ஏமாற்றியது. இதுவும் உலாவி மாதிரி ஒரு மென்பொருள்தானே என்று நினைத்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த உள் கணினி, அதாவது விஎம், திறக்கவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குரிய டிரைவர் இல்லை என்று சொல்லி, கீழே -1908 என்ற எண். நான் செய்த முதல் வேலை, வெர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியது. அதே பிழை. இன்னொரு முறை நிறுவினேன். (பதற்றத்தில் எல்லோரும் இதைத்தான் செய்வோம் போல.) மூன்றாவது முறைக்கு முன்புதான் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பைப் பார்த்தேன். வார இறுதியில் தானியங்கிப் புதுப்பிப்பு புதுக் கெர்னலைப் போட்டிருந்தது.

வெர்ச்சுவல்பாக்ஸின் ஒரு கால் கெர்னலுக்குள் இருக்கிறது. விபாக்ஸ்டிஆர்வி என்ற அந்த மாட்யூல் (கெர்னலில் சேரும் துணைப் பகுதி), ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகத் தொகுக்கப்பட (கம்பைல் செய்யப்பட) வேண்டும். அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் (தொகுக்கத் தேவையான விவரங்கள்) வேண்டும். முதல்முறை நிறுவும்போது, அன்றைய கெர்னலுக்கான ஹெடரை மட்டும் எண் குறிப்பிட்டுப் போட்டிருந்தேன். கெர்னலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும் பொதுத் தொகுப்பைப் போட்டிருந்தால் இந்தக் காலையே வந்திருக்காது. கணினியை மறுதொடக்கம் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் விஎம் திறந்தது. கணக்குப் பிரிவு வேலையைத் தொடங்கியது. ஹெடர் பிழையை மாலையில் சரிசெய்தேன்.

சில மாதங்களில் அந்தக் கணினி மாறியது. புதியதில், நம்பகமான கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது. மாட்யூல் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டும் கெர்னல் அதை ஏற்க மறுத்தது. நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லையாம். சரி, டிஜிட்டல் சாவி ஒன்றை உருவாக்கி, மாட்யூலில் கையெழுத்திட்டு, சாவியைப் பதிவதற்கான கோரிக்கையையும் ஒரு கடவுச்சொல்லோடு கொடுத்தேன். எல்லாம் வீட்டிலிருந்து, எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக. மறுதொடக்கமும் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் சறுக்கல். சாவியை ஏற்கும் நீலத் திரை, லினக்ஸ் எழுவதற்கு முன்பே வருவது. அந்த நேரத்தில் நெட்வொர்க்கும் கிடையாது, எஸ்எஸ்ஹெச்சும் கிடையாது. பத்து விநாடிக்குள் யாராவது விசையை அழுத்தாவிட்டால் கணினி தன் போக்கில் தொடங்கிவிடும். கணினியின் முன்னால் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் திரையின் நோக்கமே. தூரத்திலிருந்து நுழைந்த ஒருவன் தன் சாவியைத் தானே நுழைத்துக்கொள்ளக் கூடாதல்லவா? அன்றைக்கு அந்த ஒருவன் நான்தான்.

அலுவலகத்தில் இருந்த இளைஞரைத் தொலைபேசியில் பிடித்தேன். "சார், நீலமா ஏதோ வந்துச்சு, படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு" என்றார். மறுபடி கோரிக்கை, மறுபடி மறுதொடக்கம். இம்முறை விசைப்பலகை மேல் கையை வைத்தபடியே காத்திருந்தார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கடவுச்சொல்லைச் சொன்னேன். திரையில் ஒன்றும் தெரியாததால், தட்டியது பதிந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பதிந்திருந்தது.

டெபியன் 13க்கு மாறியபோது கெர்னல் 6.12 வந்தது. விஎம் மறுபடி திறக்கவில்லை. விடி-எக்ஸை (விஎம்களை ஓட்ட உதவும் செயலி வசதியை) வேறொரு ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி. இந்தத் தடவை நான் எதையும் நீக்கவில்லை. முதலில் கெர்னல் பதிப்பைப் பார்த்தேன், அப்புறம் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை. கெர்னலோடு வரும் ஹைப்பர்வைசரான கேவிஎம், 6.12 முதல் ஏற்றப்பட்ட உடனேயே அந்த வசதியைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறது. கேவிஎம் மாட்யூலை இறக்கினேன், எக்ஸ்பி எழுந்தது. ஏறியதுமே வசதியைப் பிடிக்கும் அந்தப் பழக்கத்தை நிலையாக அணைக்கும் கெர்னல் அளவுருவை கிரப்பில் எழுதிச் சேமித்தேன். மறுதொடக்கத்தை மட்டும் மறுநாள் அலுவலகத்துக்குப் போய், கணினியின் முன்னால் உட்கார்ந்துதான் கொடுத்தேன்.