முதல் அடி மறந்துபோன பாட்டைத் தேடுவது

பாட்டுப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அகரவரிசை அட்டவணை, பாட்டின் முதல் அடியை அறிந்தவருக்கு மட்டுமே உதவும். சபையில் பெரும்பாலோர் பாட்டை அப்படி நினைவில் வைத்திருப்பதில்லை. சென்ற ஆண்டு ஓர் அடக்க ஆராதனைக்கு முந்தின இரவு, இறந்துபோன ஆச்சியின் மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா அடுப்படியில எப்பவும் பாடுவாங்க தம்பி, நடுவுல அக்கரைன்னு ஒரு வரி வரும், அதை நாளைக்குப் பாடணும்" என்றார். பாமாலையையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் பதினொரு மணி வரை புரட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் எங்கள் ஆர்கன் வாசிக்கும் அண்ணாச்சியைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவர் தூக்கக் கலக்கத்திலேயே ஒரு எண்ணைச் சொன்னார். அந்த எண்ணில் ஒரு ஞானஸ்நானப் பாட்டு இருந்தது. அவர் சொன்னது அவரிடமிருந்த பழைய பதிப்பின் எண் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

பாளையங்கோட்டையை அடுத்த ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாடகர் குழுவின் செயலாளராக இருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் எங்கள் சபைக் குருவான ஐயரவர்களிடமிருந்து அந்த ஞாயிற்றின் தலைப்பும் வேதபாடங்களும் வரும்; அவற்றுக்குப் பொருந்த ஐந்து பாட்டுகளைத் தெரிந்தெடுத்து, வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு முன் அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். எனக்கு முன்பிருந்தவர்கள் இதை ஒரு நீளமான கணக்கு நோட்டில் செய்துவந்தார்கள். நோட்டு நல்லதுதான், ஆனால் அதில் தேட முடியாது. ஆகவே அடக்க ஆராதனை முடிந்த வாரத்திலேயே, லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருளில் ஒரு கோப்பைத் தொடங்கினேன்.

ஆலயங்களுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. ஓப்பன்எல்பி போன்றவை கட்டணம் இல்லாமலே கிடைக்கின்றன. பாட்டின் எல்லா வரிகளிலும் தேடவும் செய்கின்றன. ஆனால் அவை திரையில் பாட்டைக் காட்டுவதற்காகப் பிறந்தவை. எங்கள் ஆலயத்தில் திரை இல்லை, வைக்கும் எண்ணமும் மூப்பர்களுக்கு இல்லை. எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு: நினைவில் இருக்கும் ஏதோ ஒரு துண்டைக்கொண்டு பாட்டைக் கண்டுபிடிப்பது, அந்தப் பாட்டைக் கடைசியாக எப்போது பாடினோம் என்று அறிவது. இவற்றுக்கு ஓர் அட்டவணையே போதும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தலைப்பு வரிசையை எழுதும்போதே ஒரு சிக்கல் வந்தது. நம்மிடம் இருப்பவை இரண்டு வேறு குலத்துப் பாட்டுகள். பாமாலையில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பாட்டுகளின் தமிழாக்கம். 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்து தொடர்ந்து, அவருக்குப் பின் வந்த ஃபப்ரீஷியஸ் காலத்தில் செழித்த வேலை அது. கீர்த்தனைகளோ தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் இந்த மண்ணின் இராகத்திலும் தாளத்திலும் நேராகவே பாடிவைத்தவை. ஆகவே ஒரு பாமாலைப் பாட்டுக்கு ட்யூனின் பெயரும் மீட்டரும் வேண்டும். ஒரு கீர்த்தனைக்கு இராகமும் தாளமும் பல்லவியும் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் வைத்து, பொருந்தாத கலங்களைக் காலியாக விடுவது அழகாக இல்லையென்றாலும் அதுவே சரியான வழி. தனித்தனித் தாள்களாகப் பிரித்தால் தேடும்போது இரண்டு முறை தேட வேண்டியிருக்கும்.

மீட்டர் என்பது ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்ற கணக்கு. நான்கு அடிகளும் எட்டெட்டு அசையாக இருந்தால் லாங் மீட்டர், எட்டும் ஆறும் மாறிமாறி வந்தால் காமன் மீட்டர். இந்த நெடுவரிசையால் வரும் பயனை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல வார்த்தைகள் கொண்ட ஒரு பாட்டின் ட்யூன் சபையில் ஒருவருக்கும் தெரியாது என்றால், அதே மீட்டரில் எல்லாருக்கும் தெரிந்த ட்யூன் எது என்று வடிகட்டிப் பார்த்து, அதில் பாடிவிடலாம். 1551இன் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த ஓல்டு ஹண்ட்ரட்த் என்ற ட்யூன் இப்படி எங்களுக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. தமிழில் குறிலும் நெடிலும் விழும் இடம் ட்யூனோடு முரண்டுபிடிக்கும் பாட்டுகளும் உண்டு. அதை அண்ணாச்சி ஒருமுறை வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அட்டவணை சொல்லாது. ஒரு சிறு எச்சரிக்கை: மீட்டரை 8-8-8 என்று தட்டியபோது மென்பொருள் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு 08-08-2008 என்று மாற்றிவிட்டது. அந்த நெடுவரிசையை முதலிலேயே 'உரை' என்று அமைத்துவிட வேண்டும்.

பாட்டு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் இருக்கைகளில் கிடக்கும் புத்தகங்களில் இரண்டு பதிப்புகள் கலந்திருக்கின்றன, எண்கள் ஒத்துப்போவதில்லை. ஆகவே புத்தகத்தின் எண்ணை அடையாளமாகக் கொள்ளாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் நானே ஒரு வரிசை எண் கொடுத்து, இரண்டு பதிப்பின் எண்களையும் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

பிறகு ஒவ்வொரு பாட்டிலும் பல்லவியையும், எல்லாச் சரணங்களின் முதல் அடிகளையும் தட்டினேன். பழைய பாட்டுகள் சிலவற்றை முழுவதுமாகவே சேர்த்துக்கொண்டேன். புதிய பாட்டுகளுக்கு முதல் அடியோடு நிறுத்திக்கொண்டேன். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது, அதை மதிப்பதுதான் முறை. தட்டச்சு வேலை இரண்டு மாதம் ஓடியது. சீக்கிரம் முடிப்பதற்காக, எங்கள் சபை டி.டி.பி. கடையில் அச்சடித்த பழைய கிறிஸ்மஸ் பாட்டுத் தாள்களின் கோப்புகளை வாங்கி, பழைய எழுத்துருவிலிருந்து, இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி ஒட்டினேன். அங்கேதான் வினை வந்தது.

'ஜோதி' என்று தேடினேன். கண்ணெதிரே கலத்தில் 'ஜோதி' இருக்கிறது. மென்பொருளோ இல்லை என்கிறது. எழுத்துப் பிழை ஏதும் இல்லை. எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் 'லென்' சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தபோது, நான் தட்டிய ஜோதிக்கு 4 என்றும், மாற்றி ஒட்டிய ஜோதிக்கு 5 என்றும் வந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒகரத்துக்கும் இதே கதை. 'மௌனம்' இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தைப் பக்கத்தில் வைத்து 'மெளனம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு சொல்லே ஆகிவிடுகிறது. ஒகர, ஓகாரக் குறிகளைச் சரிசெய்வது எளிது. 'சப்ஸ்டிட்யூட்' என்ற மாற்றுச் சூத்திரத்தில், 3014ஆம் குறியும் (ஒற்றைக் கொம்பு) 3006ஆம் குறியும் (கால்) சேர்ந்து வரும் இடத்தில் 3018ஐயும் (ஒகரக் குறி), 3015உம் (இரட்டைக் கொம்பு) 3006உம் வரும் இடத்தில் 3019ஐயும் (ஓகாரக் குறி) வைக்கச் சொன்னால் போதும்; குறிகளை எண்ணால் அழைக்க 'யூனிகார்' உதவும். ளகரத்தைக் கையால்தான் திருத்தினேன்.

இதற்குப் பின்னும் தேடல் பாதிதான் பலித்தது. பழைய பாட்டுகளில் சந்தி எழுத்துகள் கிடக்கும், சேர்த்து எழுதியிருப்பார்கள். தேடுகிறவரோ 'உம்மை துதிக்கிறேன்' என்று பிரித்து, ஒற்று இல்லாமல் தட்டுவார். இயேசு என்றும் யேசு என்றும் ஏசு என்றும், ஜெபம் என்றும் செபம் என்றும், இரட்சகர் என்றும் இரக்ஷகர் என்றும் ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விதமாக அச்சடித்திருக்கிறது. எது சரி என்று தீர்ப்பளிக்க நான் இலக்கண ஆசிரியன் அல்ல. ஆகவே மூல வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் 'சாவி' என்று ஒரு மறைவான நெடுவரிசையை அமைத்தேன். அதில் மாற்றுச் சூத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன: முதலில் மேலே சொன்ன கொம்பு திருத்தம், பிறகு 'இயே', 'யே' இரண்டும் 'ஏ' ஆகும், 'ட்ச' என்பது 'ஷ' ஆகும், ஜகரம் சகரமாகும், இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் போகும், கடைசியில் க், ச், த், ப் என்ற நான்கு ஒற்றுகளும் நீங்கும். வரிசையை மாற்றிவிடக் கூடாது. கொம்பைத் திருத்துவதற்குமுன் 'யே'யைத் தொட்டால் 'யோ' உடைந்துவிடும். தேடும் சொல்லையும் இதே சூத்திரத்தின் வழியாக அனுப்பினால், 'உம்மைத் துதிக்கிறேன்', 'உம்மை துதிக்கிறேன்' இரண்டும் 'உம்மைதுதிகிறேன்' என்று ஒரே உருவத்துக்கு வந்து நிற்கின்றன. பார்க்கச் சகிக்காத தமிழ்தான், ஆனால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

இரக்ஷகர் இதில் தானாகவே ஒழுங்குக்கு வந்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. க் நீங்கியவுடன் அது 'இரஷகர்' ஆகிறது, இரட்சகரும் 'இரஷகர்' ஆகிறது. இகரம் இல்லாமல் 'ரட்சகர்' என்று தேடினாலும் உள்ளே அந்தத் துண்டு இருப்பதால் அகப்படும். இகரத்தோடு தேடினால் இகரம் இல்லாமல் அச்சான பாட்டு அகப்படாது என்பதால், முதல் எழுத்தில் சந்தேகம் இருந்தால் அதை விட்டுவிட்டுத் தேடுங்கள் என்று குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தேவையில்லாத பாட்டுகளும் சில நேரம் வந்து விழுகின்றன. வேண்டிய பாட்டு விடுபடுவதைவிட வேண்டாத மூன்று பாட்டு கூடவே வருவது மேல்.

இரண்டாவது தாள் மிக எளியது: தேதி, ஆராதனை, இடம், பாட்டின் வரிசை எண். இடம் என்றால் துவக்கமா, காணிக்கையா, திருவிருந்தா என்பது. 'கவுண்ட்இஃப்' எத்தனை முறை பாடினோம் என்று சொல்லும், 'மேக்ஸ்இஃப்ஸ்' கடைசித் தேதியைச் சொல்லும். பண்டிகைக் காலத்தை மாதத் தேதியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. உயிர்த்தெழுந்த ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கே வேண்டுமானாலும் விழும், லெந்து என்ற தவக்கால நாட்களும் பெந்தெகொஸ்தே பண்டிகையும் அதோடு சேர்ந்து நகரும். ஆகவே காலத்தின் பெயரைத் தனியே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கு ஐந்து பாட்டு என்றால் ஆண்டுக்கு 260 இடங்கள். ஓர் ஆண்டு முடிந்து பார்த்தபோது, அந்த இடங்களை நூற்றுக்கும் குறைவான பாட்டுகளே மாறிமாறி நிரப்பியிருந்தன. காணிக்கைக்கு மூன்றே கீர்த்தனைகள். அந்த மூன்றில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை, தெரிந்தெடுத்தவனும் நானே; நோட்டுக் காலத்தில் இதற்கு முந்தின செயலாளரைக் குறைசொல்லி வந்தவனும் நானே.

தாளை ஐயரவர்களிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அறுப்பின் பண்டிகைக்குப் புதுசா ஒண்ணு எடுங்க" என்று மட்டும் சொன்னார். மீட்டரை வைத்துத் தேடி ஒன்றை எடுத்தோம். முதல் வாரம் பாடகர் குழு மட்டும் பாடியது, மூன்றாம் வாரம் பின்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணாச்சி மடிக்கணினியைத் தொடமாட்டார். அவருக்காகக் கோப்பை மீட்டர் வாரியாக வரிசைப்படுத்தி, அச்செடுத்து, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தேன். ஆர்கனின் மேல் அது இருக்கிறது. எந்தப் பாட்டை எத்தனை சுருதி இறக்கி வாசிக்க வேண்டும், எந்தச் சரணத்தில் சபை எப்போதும் முந்திக்கொண்டு ஓடும் என்றெல்லாம் ஓரங்களில் பென்சிலால் எழுதிவருகிறார். சனிக்கிழமை மாலைகளில் அதை வாங்கி, புதிதாக ஏறியிருக்கும் பென்சில் குறிப்புகளை 'அண்ணாச்சி' என்று தலைப்பிட்ட நெடுவரிசையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் 7.6.7.6ஐத் தாண்டவில்லை.