வரோஷாவில் பின்னேர நிழல்

கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குப் பின்னேரக் கடற்கரை என்றால், தண்டவாளத்தைக் கடந்து, கருங்கற்களின் மேல் அமர்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்கும் வரை முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டிருப்பதுதான். சைப்பிரஸ் தீவின் கிழக்குக் கரையில் உள்ள வரோஷாவில் இது தலைகீழ். அங்கே கடற்கரை கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. மணலை ஒட்டியே பல மாடி ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. மதியம் திரும்பியதும் அவற்றின் நிழல் மணலில் விழுந்து, மெல்ல நீண்டு, கடைசியில் அலையின் விளிம்பைத் தொட்டுவிடுகிறது. அந்த ஹோட்டல்களில் 1974 ஆகஸ்டுக்குப் பின்னர் விருந்தினர் எவரும் தங்கியதில்லை.

கடந்த செப்டெம்பரில், நிக்கோசியாவில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகளிடம் போயிருந்தபோது அவளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். "எத்தனையோ நல்ல கடற்கரை இருக்கு அக்கா, அங்கை ஏன்?" என்று அவள் கேட்டாள். காரணத்தை அப்போது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வரோஷா என்பது ஃபமகுஸ்தாவின் பழைய கோட்டை நகரத்துக்குத் தெற்கே விரிந்த புதிய பகுதி. எழுபதுகளின் தொடக்கத்தில் சைப்பிரஸின் முதன்மையான சுற்றுலா நகரம் அதுதான். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் அங்கே வந்துபோனதாக எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் எழுதியிருக்கிறார்கள். என் மனத்தில் நின்றவர்கள் அவர்கள் அல்லர். வந்துபோகாமல் அங்கேயே வாழ்ந்து, கடை நடத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த சுமார் 39,000 மக்களே. 1974 ஜூலை 15ஆம் திகதி, கிரேக்க இராணுவ ஆட்சியின் ஆதரவோடு சைப்பிரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாட்களில் துருக்கியப் படைகள் தீவில் இறங்கின. ஆகஸ்ட் 14ஆம் திகதி தொடங்கிய இரண்டாவது படையெடுப்பின்போது, விமானக் குண்டுவீச்சுக்கும் முன்னேறி வரும் படைகளுக்கும் அஞ்சிய வரோஷாவின் கிரேக்க மக்கள், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடினார்கள். நகரத்தைச் சுற்றி முட்கம்பி விழுந்தது. அங்கே வாழ்ந்திருந்த மக்களைத் தவிர வேறெவரையும் அங்கே குடியேற்ற முயல்வதை ஏற்க முடியாது என்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1984இல் தனது 550ஆம் இலக்கத் தீர்மானத்தில் கூறியது. வேற்றாரும் குடியேறவில்லை, உரியவர்களும் திரும்பவில்லை.

2020 ஒக்டோபர் 8ஆம் திகதிதான், தீவின் வடபகுதியை ஆளும் துருக்கிய சைப்பிரஸ் தரப்பு அதன் ஒரு பகுதியையும் கடற்கரையையும் பார்வையாளருக்குத் திறந்துவிட்டது. நுழைவாயிலில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். புதிதாகத் தார் போட்ட வீதியில் குடும்பங்கள் சைக்கிள் ஓட்டிப் போகின்றன. வீதியின் இருபுறமும் கயிறு கட்டி, கட்டடங்களுக்குள் போகக் கூடாது என்று அறிவித்தல் வைத்திருக்கிறார்கள். கயிற்றுக்கு அப்பால் கிரேக்க எழுத்தில் கடைகளின் பெயர்ப்பலகைகள் வெயிலில் வெளிறித் தொங்குகின்றன. ஒரு வீட்டின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். கூரை வரை ஏறிய போகன்வில்லா, மேல்மாடிச் சன்னலால் உள்ளே நுழைந்து, பக்கத்துச் சன்னலால் பூவோடு வெளியே வந்திருந்தது. பல்கனியின் அடிப்பக்கத்தில் கொங்கிறீட் பாளம் பாளமாகக் கழன்று, துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்புகள் போல வரிசையாகத் தெரிந்தன. கடற்காற்றின் உப்பு கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைப் போர்த்தியிருக்கும் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கரையோரத்து வீட்டுக்காரர்கள் காலத்துக்குக் காலம் வெடிப்பை அடைத்துப் பூசுவது இதைத் தடுக்கத்தான். இங்கே ஐம்பது ஆண்டுகளாகப் பூச ஆளில்லை.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது, ஏனென்றால் அவ்வளவு அழகான கடலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மணல் மா போல மென்மையானது. மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவென்பதால், காலையில் நின்ற இடத்திலேயே பின்னேரமும் தண்ணீர் நிற்கிறது. இடுப்பளவு ஆழத்திலும் கால்விரல்களை எண்ணலாம். சோழகக் காலத்தில் வெள்ளவத்தைக் கல்லில் வந்து மோதும் அலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குளம் போல இருந்தது. நானும் இறங்கினேன். தண்ணீருக்குள் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தபோதுதான் நகரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. அத்தனை சன்னல்களிலும் கண்ணாடி இல்லை. கரையில் சாய்கதிரைகளில் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சன்னல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குப் பின்னர் நிழல் அவர்களை எட்டியபோது, எழுந்து கதிரையைக் கடல் பக்கமாகச் சற்று இழுத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் படுத்தார்கள். சிறிது நேரத்தில் நிழல் மறுபடியும் வந்தது. மறுபடியும் இழுத்தார்கள். அதன் பின்னர் எனக்கு நீந்த மனம் வரவில்லை.

வெளியே தேநீர் விற்றவர் துருக்கிய சைப்பிரஸ்காரர். தனது தாயார் தெற்கே பாஃபோசில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வடக்கே வந்தவர் என்றும், கடற்கரை திறந்த பின்னரும் இங்கே ஒருநாளும் கால் நனைக்கவில்லை என்றும் சொன்னார். "ஊராருடைய முற்றம் என்று சொல்லுவார்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

2021 ஜூலையில், நகரத்தின் 3.5 சதவீதப் பகுதியிலிருந்து இராணுவ நிலையை நீக்குவதாகத் துருக்கிய சைப்பிரஸ் தரப்பினர் அறிவித்தார்கள். பாதுகாப்புச் சபை அதைக் கண்டித்தது. சட்ட நியாயங்களை அறிந்தவர்கள் பேசட்டும். என் மனத்துக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன்: உரியவர் தன் வீட்டு வாசலில் கயிற்றுக்கு இப்பால் நின்று எட்டிப் பார்க்க, ஊர் பேர் தெரியாத என்னைப் போன்றவர்கள் அவருடைய கடலில் குளித்துவிட்டுப் போவதைத் திறப்பு என்று அழைக்கக் கூடாது.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 1990 ஜூனில், போரால் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையை விட்டு வந்தபோது எனக்கு ஆறு வயது. 2017இல் இராணுவத்திடமிருந்து காணி விடுவிக்கப்பட்டு அப்பாவோடு போனபோது வீடு இல்லை, மதில் இல்லை, எது எங்கள் எல்லை, எது பக்கத்து வீட்டார் எல்லை என்று தெரியாத பற்றைக்காடு. இரண்டு மணி நேரம் தேடிக் கிணற்றைக் கண்டுபிடித்து, அதன் கட்டில் கை வைத்து நின்றபடி, "இதிலையிருந்து பதினெட்டு அடி குசினி" என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகுதான் காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் எடுத்து அளக்கத் தொடங்கினோம்.

வரோஷாவிலிருந்து திரும்பும் வழியில் வெள்ளவத்தைக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் விவரித்தேன்: மணல், கயிறு, போகன்வில்லா, நிழல். அப்பா இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வீடுகளுக்கு இன்னும் கூரை இருக்கோ, பிள்ளை?"

"கனக்க வீட்டுக்கு இருக்கு அப்பா. ஆனால் கம்பி தெரியுது."

"கூரை இருக்கு," என்றார் அவர், பக்கத்தில் இருந்த அம்மாவிடம்.