தக்கலையிலிருந்து துபாய்: அம்மாவைக் கூட்டிப்போன கதை

தங்கச்சிக்குத் துபாயில் பிரசவம். அம்மாவை நான்தான் கூட்டிப்போனேன். டிக்கெட்டைப் பார்த்ததும் அம்மா கேட்டது இது: "மக்களே, அஞ்சரைக்குப் பொறப்பட்டு எட்டேகாலுக்கு எறங்குதுன்னு போட்டிருக்கு. ரெண்டேமுக்கால் மணி நேரந்தானா?"

புறப்படும் நேரம் நம் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதையும் சேர்த்தால் நாலேகால் மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து வான்வழியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போகும்போது மேலே எதிர்க்காற்று என்பதால், திரும்பி வரும்போது அரைமணி வாக்கில் குறையும்.

ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கணக்கை வீட்டு முற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே விமான நிலையம் கிடையாது. தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்துவிட்டது, சரி. அப்புறம் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கடைத்தெருவுக்குக் கடைத்தெரு வண்டி ஊர்ந்துதான் போகும். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பு குறுஞ்செய்தி வந்தது: விமானம் இரவு 9.45-க்கு மாற்றம். பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு! ஐப்பசியிலும் பங்குனியிலும், ஆண்டுக்கு இரண்டு தடவை, சுவாமி கடலில் நீராட, ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சாயங்காலம் சுமார் ஐந்து மணி நேரம் விமானம் ஏறவும் இறங்கவும் முடியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. எனக்குக் கோபம் பொங்கியது. அம்மாவுக்கோ சந்தோஷம். 1956-இல் தமிழகத்தோடு சேரும் வரை நாமும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. அவளுடைய அம்மை ஆராட்டு பார்க்கப் போன கதை கேட்டு வளர்ந்தவள்.

வழியில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மூன்றரைக்கே கிளம்பினோம். பயந்தபடியே ஈஞ்சக்கல் பக்கம் போலீஸ் வண்டிகளை நிறுத்திவிட்டது. முக்கால் மணி நேரம் நகரவில்லை. தூரத்தில் மேளம் கேட்டது. அம்மா கண்ணாடியை இறக்கி, மடியிலிருந்த முந்திரிக்கொத்து டப்பாவை என் கையில் தந்துவிட்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சுவாமி எங்கள் கண்ணில் படவில்லை. மேளம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அவள் கையை இறக்கவில்லை.

ஓட்டுநரிடம் "சாக்கைப் பக்கம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பன்னாட்டு முனையம் அங்கே. சங்குமுகம் பக்கம் இருப்பது இன்னொரு முனையம். நடுவில் ஓடுபாதை கிடக்கிறது. தவறான பக்கம் இறங்கினால் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லியிருந்தோம், அம்மா ஒரு வரிசையிலும் நிற்கவில்லை.

துபாயில் இறங்கும்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒன்றரை. நம் ஊரில் விடிகாலை மூன்று. வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பதினொன்றரை மணி நேரம். தங்கச்சி வயிற்றைப் பிடித்தபடி கதவைத் திறந்தாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் நீட்டியது அந்த டப்பாவைத்தான்.