மசகு எண்ணெய்: தரமும் விலையும், உயர்தர மாணவருக்கு

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பலர் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெய், பற்றிய இந்தப் பகுதியை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். தேவையே இல்லை. தேயிலை ஏலத்தை அறிந்த வீடுகளுக்கு இது பழகிய சங்கதி. ஹை குரோன் என்பது தோட்டத்தின் உயரம், பி.ஓ.பி. என்பது தூளின் அளவு. இரண்டையும் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். மசகு எண்ணெயிலும் பார்ப்பது இரண்டு: அடர்த்தி, கந்தகம்.

அடர்த்திக்கு ஏபிஐ பாகை, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் அளவீடு. 141.5ஐச் சாரடர்த்தியால் (நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட அடர்த்தி) வகுத்து, 131.5ஐக் கழியுங்கள். சாரடர்த்தி 0.85 என்றால் விடை ஏறத்தாழ 35. 31.1க்கு மேல் இலேசானது, 22.3க்குக் கீழ் பாரமானது, இடையில் நடுத்தரம். சாரடர்த்தி வகுக்கும் இடத்தில் நிற்பதால் எண்ணெய் பாரமாக ஆக ஏபிஐ குறையும். இதைத் தலைகீழாக எழுதித்தான் பலர் புள்ளி இழக்கிறார்கள். வினாவில் 850 கிலோகிராம்/கனமீற்றர் என்று தந்திருந்தால் முதலில் நீரின் அடர்த்தியால் வகுங்கள். விடை −131 என்று வந்தால் அந்தப் படி விடுபட்டுவிட்டது.

கந்தகம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இனிப்பு, மேலே போனால் புளிப்பு. கந்தகத்தை நீக்க ஐதரசனும் தனி அலகும் வேண்டும்; அந்தச் செலவு எண்ணெயின் விலையில் கழியும். ஆனால் மலிவானதை எல்லாம் வாங்கிவிட முடியாது; சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது பொருந்த வேண்டும். 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய இலேசு எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டது. கட்டுரை வினாவில் இதை எழுதினால் விடைக்குக் கனம் கூடும்.

விலைக்கு வட கடலின் பிரென்ட், அமெரிக்காவின் டபிள்யூ.ரி.ஐ., வளைகுடாவின் டுபாய் ஆகிய எண்ணெய்கள் அளவுகோல்கள். மற்ற எண்ணெய்களுக்கு இவற்றிலிருந்து சில டொலர் கூட்டியோ குறைத்தோ விலை வைப்பார்கள். டபிள்யூ.ரி.ஐ. எண்ணெயைக் குறித்த ஒரு மாதத்தில் ஒப்படைப்பதாகச் செய்யும் முன்பேர ஒப்பந்தம் ஒன்று 1,000 பீப்பாய். ஒப்படைக்கும் இடம் ஒக்லஹோமாவின் குஷிங், கடலே இல்லாத ஊர். அங்கே தாங்கிகளில் இடம் கிடைக்காமல் போனதால்தான் 2020 ஏப்ரல் 20இல் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு −37.63 டொலரில் முடிந்தது; அதாவது விற்றவரே பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. "எண்ணெய் இலவசமானது" என்று எழுதாதீர்கள். அது ஒரு மாதத்து ஒப்பந்தத்தின் விலை மட்டுமே.

அலகுகளையும் கவனியுங்கள். ஒரு பீப்பாய் 159 லீற்றர், சாரடர்த்தி 0.85 உள்ள எண்ணெயில் ஒரு தொன் சுமார் 7.4 பீப்பாய். பிரென்ட் இறங்கியும் நுவரெலியாவில் பெற்றோல் ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், இறக்குமதிக்கு அளவுகோலான சிங்கப்பூரின் பெற்றோல் விலை, ரூபாயின் பெறுமதி, கப்பல் கட்டணம், வரி என்ற ஒழுங்கில் எழுதிக்கொண்டு போங்கள்.