மதினி என்று கூப்பிட்டவன்

எங்கள் ஆச்சி கடைசிவரை விடாத கேள்வி ஒன்று இருந்தது. டிவியில் கப்பலைக் காட்டினால் போதும், சுபாஷ் சந்திர போஸ் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், என் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "ஏட்டி, அந்தக் கப்பக்காரப் பய என்ன ஆயிருப்பான்?"

1946 பிப்ரவரி 21, வியாழக்கிழமை. வெள்ளைக்காரன் நடத்திய கடற்படையில் இருந்த இந்திய மாலுமிகள் பம்பாயில் போராட்டம் தொடங்கி நான்காம் நாள். ஆச்சிக்கு வயது பதினேழு. நாங்குநேரிப் பக்கமிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தாத்தா மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். துறைமுகத்தில் நம்ம பையன்களை வெள்ளைக்காரன் சோறு தண்ணி இல்லாமல் அடைத்து வைத்திருக்கிறான் என்று பட்டறையெல்லாம் பேச்சு. அரிசி ரேஷனில் கிடைத்த காலம் அது. ஆச்சி அந்த வாரத்து அரிசியில் பாதியை வடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புளியைக் கரைத்துச் சோறு கிளறினாள். தன் அப்பா பெயர் வெட்டிய பித்தளைத் தூக்குவாளியில் அமுக்கி வைத்துத் தாத்தாவிடம் கொடுத்தாள். சீர் வந்த வாளி.

கேட்வே ஆஃப் இந்தியா படிக்கட்டில் ரொட்டியும் பழமும் பால் பாத்திரமுமாக ஒரே கூட்டமாம். மாலுமிகள் படகில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தாத்தா பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொல்ல, படகில் இருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சி திருநேலியா?" என்று கேட்டிருக்கிறான். நாகர்கோவில்காரன். சரியாக மீசைகூட முளைக்கவில்லை. வாளியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மதினி செஞ்சதா? வாளிய நாளைக்கு வந்து வாங்கிக்கிடுங்க" என்றானாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஊரே கடையடைப்பு. கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த அழைப்பு. ஆலைத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் தெருவில் நின்றார்கள். துப்பாக்கிச் சூடு. கேட்வேக்குக் கிளம்பிய தாத்தாவால் பரேலைத் தாண்ட முடியவில்லை. 'சால்' என்னும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் பம்பாய்த் தெருக்களில் செத்தவர்கள் 200 பேருக்கு மேல். சனிக்கிழமை காலை மாலுமிகள் சரணடைந்தார்கள். வாளி வரவில்லை.

நான் இந்தப் போராட்டத்தைப் படிக்க ஆரம்பித்ததே ஆச்சிக்குப் பதில் சொல்லத்தான். 18-ம் தேதி கொலாபாவில் இருந்த 'தல்வார்' என்னும் சிக்னல் பயிற்சித் தளத்தில் கெட்டுப்போன சாப்பாட்டை மறுத்ததில் தொடங்கியது. அதற்கு முன்பே கமாண்டர் கிங் என்ற அதிகாரியின் இழிவான பேச்சைப் பற்றிப் புகார் கொடுத்து, நியாயம் கிடைக்காமல் பையன்கள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். தளத்துச் சுவரில் 'ஜெய் ஹிந்த்' என்று எழுதியதற்காக பி.சி. தத் பிடிபட்டிருந்தார். இரண்டே நாளில் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள். போராட்டக் குழுவுக்கு எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். கொடிமரங்களில் காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் சேர்ந்து ஏறின. நல்ல சாப்பாடும் வெள்ளைக்கார மாலுமிகளுக்குச் சமமான சம்பளமும் கேட்ட அதே பட்டியலில், இந்தோனேசியாவுக்கு அனுப்பிய இந்தியப் படையைத் திரும்பக் கூப்பிடு என்றும் கேட்டார்கள். இருபது வயதுப் பையன்கள் இன்னொரு நாட்டின் விடுதலையையும் சேர்த்து நினைத்தார்கள் என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரணடையச் சொன்னது வல்லபாய் படேல். ஜின்னாவும் அதையே சொன்னார். 'படேல் மட்டும் "விடாதீங்கடா, நாங்க இருக்கோம்" என்று சொல்லியிருந்தால்?' என்பதுதான் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் போடும் கணக்கு. மூன்று கொடி ஒன்றாகப் பறந்த இடத்திலிருந்து பிரிவினை இல்லாத இந்தியா பிறந்திருக்கும் என்பார்கள். காங்கிரஸின் இடதுசாரித் தலைவர் அருணா ஆசஃப் அலி அப்போதே அந்த வழியில்தான் யோசித்தார்: இந்துவையும் முஸ்லிமையும் சட்டசபைப் பேச்சில் சேர்ப்பதைவிடத் தெருத் தடுப்பரணில் சேர்ப்பது எளிது என்றார். தடுப்பரணிலேயே வாழ்ந்துவிட முடியாது, அதற்குப் பிறகு அரசியலமைப்பு வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று காந்தி பதில் சொன்னார்.

எனக்கும் அருணா பக்கம் சாயத்தான் ஆசை. ஆனால் அந்த வாரத்தை நாள் நாளாக வைத்துப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. கடற்படைத் தளபதி அட்மிரல் காட்ஃப்ரே வானொலியில் பேசி, கடற்படையே அழிந்தாலும் பரவாயில்லை, அடக்கியே தீருவேன் என்று மிரட்டிவிட்டார். குண்டுவீச்சு விமானங்கள் துறைமுகத்தின் மேல் பறந்தன. 'கிளாஸ்கோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. கராச்சியில் 'ஹிந்துஸ்தான்' கப்பலைப் பீரங்கியால் அடித்து 22-ம் தேதியே பணியவைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருந்தால், மாலுமிகள் தங்கியிருந்த கேசில் பேரக்ஸ் என்ற கடற்படைக் குடியிருப்பு தரைமட்டம். அதைச் சுற்றிக் கோட்டைப் பகுதியின் கடையும் ஆபீசும் குடியிருப்பும். பிரிவினையின் வேர் அந்தக் கொடிமரத்தில் இல்லை. 1945 டிசம்பரில் மத்திய சட்டசபைக்கான தேர்தலில் முஸ்லிம் தொகுதிகள் முப்பதையும் லீக் வாரிக்கொண்டு போயிருந்தது. பையன்கள் கொடி ஏற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில் மாகாணத் தேர்தல்கள் மதவாரியான தனித் தனி வாக்காளர் பட்டியலோடு நடந்துகொண்டிருந்தன. போராட்டம் தொடங்கிய மறுநாளே, ஆட்சி மாற்றம் பற்றிப் பேச பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வரப்போகிறது என்று லண்டனில் அறிவித்தார்கள். பிரிவினை ஒரே நாளில் எடுத்த முடிவல்ல. கூடத்தில் பேச்சுவார்த்தை தொடங்குகிற நேரத்தில் வாசலில் சண்டை வேண்டாம் என்று படேல் நினைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நாளைக்கு நமக்கும் ஒரு ராணுவம் வேண்டும், அதன் கட்டுப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

ஆகவே வரலாறு வேறு மாதிரித் திரும்பியிருக்கக்கூடிய இடம் பிப்ரவரி 22 இரவு இல்லை என்பது என் முடிவு. அது 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு வருகிறது.

சரணடையச் சொன்னபோது, யாரும் பழிவாங்கப்படாமல் பார்த்துக்கொள்ளக் காங்கிரஸ் முழு முயற்சி செய்யும் என்று படேல் வாக்குக் கொடுத்தார். நாங்கள் பிரிட்டனிடம் சரணடையவில்லை, இந்தியாவிடம் சரணடைகிறோம் என்று சொல்லித்தான் மாலுமிகள் இறங்கினார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். 476 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எல்லாம் வெள்ளைக்காரன் செய்தது, சரி. ஒன்றரை வருஷத்தில் ஆட்சி நம் கைக்கு வந்ததே? திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாகிஸ்தானும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இதற்கு ஒரு உயிர் போயிருக்காது. ஒரு குண்டு வெடித்திருக்காது. ஒரே ஒரு கையெழுத்து. சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) அதிகாரிகளுக்காகச் செங்கோட்டையில் பூலாபாய் தேசாய் வாதாடினார், நேருவே வக்கீல் அங்கியை எடுத்து மாட்டினார். இந்தப் பையன்களுக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. ஒழுங்கு கெட்டுவிடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எந்தக் கொடியின் கீழிருந்த ஒழுங்கு? விடுதலைக்குப் பிறகும் நம் கடற்படைக்குத் தலைமை பிரிட்டிஷ் அதிகாரிகளிடமே இருந்தது. செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்றது 1958 ஏப்ரலில்தான். வயர்லெஸ்ஸும் சிக்னலும் கற்ற இளைஞர்களை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, புதிய ஆட்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

என் ஆபீஸ் கோட்டைப் பகுதியில். டவுன்ஹால் படிக்கட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனால் அந்தக் கேசில் பேரக்ஸ், இன்று 'ஐ.என்.எஸ். ஆங்கிரே'. சுவர் மட்டும்தான் தெரியும். கொலாபாவில் இந்த எழுச்சிக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அதைத் திறந்ததே 2001-ல்தான். ஆச்சியை ஒருமுறை டாக்ஸியில் கூட்டிப்போனேன். மாலுமி சிலையை நிமிர்ந்து பார்த்தாள். "இவன் இல்ல. அவனுக்கு மீசை இல்லன்னுல்லா தாத்தா சொன்னாவ" என்றாள்.

நான் எழுதிப் பார்க்கும் மாற்று வரலாற்றில் டெல்லி அப்படியே இருக்கிறது, எல்லைக்கோடும் அப்படியே இருக்கிறது. 1947 கார்த்திகை மாதம் நாகர்கோவிலில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், ஒரு வீட்டுக்குத் தபால்காரர் அரசாங்க உறை கொண்டுவருகிறார். பழைய எண்ணிலேயே பழைய பதவியிலேயே பணிக்குத் திரும்பவும் என்று ஒரு தாள். அவன் ரயிலேறி, விக்டோரியா டெர்மினஸில் இறங்கி, பட்டறையில் விசாரித்து, தாராவிச் சந்துக்குள் வருகிறான். ஆச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கையில் தூக்குவாளி இருக்கிறது.